பெரியவள் தட்டாத டேப்

கணினியில் நிரல் எழுதுபவர் இரண்டு எழுத்தைத் தட்டுவதற்குள், அவர் மனதில் இருக்கும் முழுச் சொல்லையும் ஊகித்துக் கீழே ஒரு பட்டியல் நீளும். அதில் எது முதலில் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் பெரியவளின் வேலை. பதினோரு வருடமாக ஒவ்வொரு விதியாகக் கையால் எழுதிச் சேர்த்திருந்தாள். அதே அலுவலகத்தில் தங்கைக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

வந்த எட்டாம் மாதம் சின்னவள் அந்த விதிகளையெல்லாம் ஓரங்கட்டினாள். எழுதுபவரின் முந்தைய வரிகளைப் பார்த்தே ஊகிக்கும் புது முறை ஒன்றைச் செய்தாள். பெரியவள் யாரும் இல்லாத நேரத்தில் சோதித்துப் பார்த்தாள். பத்துக்கு ஒன்பது முறை, நினைத்த சொல் முதலிலேயே நின்றது. வயிறு எரிந்தது. "பெரியவ உழைப்பாளி, சின்னவ கெட்டிக்காரி" என்பார் அப்பா. உழைப்பாளி என்பது பாராட்டுதானா என்று முப்பத்தெட்டு வயதிலும் அவளுக்குப் பிடிபடவில்லை.

எந்தப் புது முறையும் வெளியாகும் முன், குழுவின் ஆறு பேரும் மூன்று வாரம் அதை வைத்தே வேலை செய்ய வேண்டும். காட்டிய சொல்லை டேப் விசையைத் தட்டி எத்தனை முறை ஏற்றார்கள் என்பது பதிவாகும். பழையதைவிடக் குறைந்தால் குப்பைக்குப் போகும்.

பெரியவள் மூன்று வாரமும் டேப்பைத் தொடவில்லை. கண்ணெதிரே நின்ற சொல்லையே எழுத்தெழுத்தாக அடித்தாள். மணிக்கட்டு வீங்கியது. குழுவில் அதிகம் எழுதுபவள் அவள்தான் என்பதால் மொத்தக் கணக்கும் சரிந்தது.

சின்னவள் சாப்பாட்டை மறந்து பதிவுகளைத் தோண்டினாள். முடிவு சொல்லும் கூட்டத்துக்குச் சற்று முன்பு அக்காவின் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, உன் கீபோர்டுல டேப் உடைஞ்சிருக்கா?"

"ஏன்டி?"

"நாலாயிரம் தடவை சரியான சொல்லைக் காட்டியிருக்கு. நாலாயிரம் தடவையும் அதையே நீ முழுசா அடிச்சிருக்க. பேய்க்குக்கூட இவ்வளவு பொறுமை இருக்காதுக்கா."

பெரியவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பொறாமைடி. வேற என்ன."

"என் மேலயா? உன் பின்னாடி ஓடி ஓடியே எனக்கு மூச்சு வாங்குது."

"அதான் முந்திட்டியே. இன்னும் என்ன மூச்சு?"

சின்னவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். போனா போகட்டும்" என்று நகர்ந்தாள். அந்தப் பெருந்தன்மைதான் அதிகம் சுட்டது. அதிலுமா அவளே முந்த வேண்டும்?

கூட்டத்தில் குழுத் தலைவர் வாயெடுக்குமுன் பெரியவள் எழுந்தாள். "என் பதிவை எடுத்துட்டு மறுபடி கணக்குப் பாருங்க சார். நான் வேணும்னேதான் ஏத்துக்கல."

தலைவர் அங்கேயே மறுபடி கணக்குப் போட்டார். மீதி ஐந்து பேரின் கணக்கில் சின்னவளின் முறை தாராளமாகத் தேறியது.

அன்றே பழைய விதிகளை நீக்க வேண்டியிருந்தது. "நான் பண்றேன்க்கா" என்றாள் சின்னவள்.

"கைய வைக்காத. எங்க எது இருக்குன்னு உனக்குத் தெரியாது."

பதினோரு வருட வரிகளைப் படித்துப் படித்து அவளே நீக்கினாள். நடுவில் ஓரிடத்தில், தங்கையாக இருந்தால் இதைப் பாதி வரியில் முடித்திருப்பாள் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தங்கை மேல் இன்னொரு முறை எரிச்சல் பட்டுவிட்டு, அந்த வரியையும் அழித்தாள்.