ஆயிரம் வலக்கால்

அருமைராசா அளவு பார்க்காமல் தேத்தண்ணிக்குச் சீனிகூடப் போடமாட்டார். புலம்பெயர்ந்து வந்த லொங்குய்ய் நகரத்து வீடுகளுக்குக் கம்பளம் விரிப்பது அவர் தொழில். வீட்டுக்காரர் மீட்டரில் சொல்லுவார், இவர் அடியில் வெட்டுவார், கம்பளம் பாவம், எப்படியோ சுவரோடு சமாதானமாகிவிடும்.

அப்படிப்பட்டவர் 2009 பெரிய வெள்ளிக்கு ஒரு நேர்த்தி வைத்தார். வன்னிச் சண்டைக்குள் அகப்பட்ட தம்பி அன்டன் உயிரோடு வெளியே வரவேண்டும். அதற்காகச் சிலுவையைத் தோளிலிருந்து இறக்காமல் ஒரு மைல் சுமப்பார். யேசு காலத்து ரோமன் மைல், ஆயிரம் தப்படி. முதல் நாளே எண்ணிப் பார்த்தார். கோயில் வாசலிலிருந்து ரொக்ஸ்பரோ ரயில் நிலையம்வரை சரியாக வந்தது.

பெரிய வெள்ளி சிலுவைப்பாதையில், சிலுவையோடு அந்த நிலையத்தடியில் நின்றார். வானம் சாம்பலாகக் கிடந்தது. மனைவி எலிசாவின் கோட்டுப் பையில் போன், கிழமைக்கணக்காக வன்னிச் செய்தி ஒன்றும் வராமல் செத்ததுபோல.

கம்பளித் தொப்பிக்கு மேல் பிளாஸ்ரிக் தலைக்கவசம் போட்ட ரோமன் சிப்பாய் கிட்ட வந்தான். மற்ற நாட்களில் ரக்சி ஓட்டும் வலன்ரைன்.

"ஏன் அண்ணை நிண்டிட்டியள்?"

"மைல் முடிஞ்சுது."

"ஆர் சொன்னது? வலக்கால் வைச்சு, திரும்ப வலக்கால் விழுந்தால்தான் ரோமனுக்கு ஒரு தப்படி. நீங்கள் ரெண்டு காலையும் எண்ணியிருக்கிறியள். பாதிதான் வந்தது."

"தொப்பி போட்டவுடன ரோமாபுரிக்காரனாகிட்டியோ?"

"வேசமெண்டாலும் படிச்சுப் போடவேணும் அண்ணை. ஏலாட்டி இறக்குங்கோ. நான் பாக்கேல்லை."

அருமைராசா தன் கால்களைக் குனிந்து பார்த்தார். தம்பியின் உயிரில் பாதியை வெட்டி எறியப் பார்த்தாரே! மரத்தை ஏற்றிப் பிடித்து, ஐந்நூறிலிருந்து வலக்காலை மட்டும் எண்ணி நடந்தார்.

அப்போதுதான் போன் அடித்தது.

"ஓம்... ஓம்," என்றாள் எலிசா. போனைப் பைக்குள் வைத்தாள். காலையிலிருந்து 'இடுப்பு முறியப்போகுது' என்று ஏசிக்கொண்டு வந்தவள், சிலுவையின் வால்பக்கத்துக்குத் தோள் கொடுத்தாள்.

"ஆர் எடுத்தது?"

"முடிச்சிட்டுக் கதைப்பம். நடவுங்கோ."

வலன்ரைன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

டெப்பனர் என்கிற மூலைச் சில்லறைக்கடை ஒன்றின் வாசலில் ஆயிரம் நிறைந்தது.

"இப்ப சரி அண்ணை," என்றான், மெதுவாக. "இறக்கலாம்."

இறக்கினால் கேட்கவேண்டும். கேட்டால் அவள் சொல்லவேண்டும்.

அருமைராசா வலக்காலைத் தூக்கி, எண்ணாமல், அடுத்த மைலுக்குள் வைத்தார்.