பதினொன்றாம் வார்டின் ஆட்சேபனை

தீர்மானப் புத்தகத்தில் இல்லாத ஒரு வரியை, இருப்பதுபோல ஒருமுறை வாசித்திருக்கிறேன். தடித்த அட்டை போட்ட அந்தப் புத்தகத்தை மாதம் ஒருமுறை மன்றத்தின் முன் விரித்து வாசிப்பது, திருச்சுழி ரோட்டில் இருக்கும் எங்கள் சிறிய பேரூராட்சியில் எழுத்தராக இருந்தபோது என் வேலை. வருடக்கணக்காக வாசித்ததில் பாதி மறந்துவிட்டது. அந்த வரி மட்டும் மறக்கவில்லை.

பதினொன்றாம் வார்டு உறுப்பினரைக் கவுன்சிலரக்கா என்போம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காய்கறிக் கடை வைத்திருந்தார். கையெழுத்துப் போடுவார், அதற்கு மேல் படிப்பு கிடையாது. கூட்டம் முடிந்ததும் மற்றவர்கள் காராசேவையும் காபியையும் தேடிப் போக, இவர் மட்டும் என் மேசைக்கு வந்து நிற்பார். "நான் சொன்னத எழுதியிருக்கீகளா? வாசிங்க தம்பி, கேப்போம்" என்பார். கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து. அதற்குள் என் பஸ் போயிருக்கும். மனதுக்குள் திட்டியிருக்கிறேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் சொன்னது எப்போதும் ஒன்றுதான். அவருடைய வார்டின் கடைசிச் சந்தில் ஒரு தெருக்குழாய் இருந்தது. வீட்டு இணைப்புகள் வந்துவிட்டதால் அதை எடுத்துவிடலாம் என்று அலுவலகம் அடிக்கடி கூட்டத்தில் விவாதப் பொருள் வைக்கும். இணைப்பு வாங்க முடியாத வீடுகள் அந்தச் சந்தில்தான் இருந்தன. அக்கா எழுந்து ஆட்சேபிப்பார், பொருள் ஒத்திவைக்கப்படும். கோடையில் கண்மாய் வெடித்துக் கிடக்கும் ஊரில் அந்தச் சந்து தண்ணீர் குடித்தது, நான் எழுதிய அந்த ஒரு வரியால்.

பிறகு மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வரவில்லை. சென்னையில் சட்டத்தைத் திருத்தி, தேர்தல் நடக்கும்வரை மன்றத்தின் அதிகாரமெல்லாம் தனி அலுவலருக்கு என்றார்கள். எங்கள் செயல் அலுவலரே தனி அலுவலரும் ஆனார். செயல் அலுவலராகப் பொருளை வைத்துக் கையெழுத்திடுவார்; தனி அலுவலராக அதை அனுமதித்து அடியில் இன்னொரு கையெழுத்து. இடையில் பேனாவை மூடக்கூட மாட்டார். நல்ல மனிதர்தான், சட்டப்படிதான் செய்தார். காலி நாற்காலிகளுக்கு நடுவே அவர் ஒருவருக்காக நான் சத்தமாக வாசித்துக்கொண்டிருப்பேன்.

முதல் மாதக் கூட்டத்துக்கே அக்கா கடையை அடைத்துவிட்டு வந்துவிட்டார். பார்வையாளர் பெஞ்சில் அவரைத் தவிர யாருமில்லை. குழாய்ப் பொருளை வாசித்ததும் எழுந்தார். "பதவிதான முடிஞ்சது, சந்து அங்கனதான இருக்கு? என் ஆட்சேபனைய எழுதுங்க." அதிகாரி இரண்டு கையெழுத்தும் போட்டுவிட்டு ஜீப்புக்குப் போனார். அக்கா வழக்கம்போல மேசைக்கு வந்தார்.

"எழுதியாச்சா? வாசிங்க தம்பி."

புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் 'அனுமதிக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது. உறுப்பினரே இல்லாத மன்றத்தில் ஆட்சேபனையை எழுத இடமில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் தனியாக நின்ற நிலையைப் பார்த்ததும் அதைச் சொல்ல மனம் வரவில்லை. பழைய குரலிலேயே வாசித்தேன்: "பதினொன்றாம் வார்டு உறுப்பினர் ஆட்சேபித்தார். பொருள் ஒத்திவைக்கப்பட்டது." கண்ணை மூடிக் கேட்டார். கையெழுத்துக்குக் கை நீட்டினார். இப்போது அது தேவையில்லை என்றேன். "சரி, எழுத்து இருந்தாப் போதும்" என்று கடை திறக்கப் போனார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் சந்து சனத்தைத் திரட்டிக்கொண்டு விருதுநகர் போய்க் கலெக்டரிடம் மனு கொடுத்திருப்பார். அப்படிப்பட்டவர்தான். என் பொய்யை நம்பி நிம்மதியாக வீட்டில் இருந்தார். மறுவாரம் குழாயைப் பிடுங்கிவிட்டார்கள். அன்று அலுவலக வாசலில் வந்து நின்றார். ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"வாசிச்சீகளே தம்பி" என்றார். அவ்வளவுதான். அதன்பின் அலுவலகப் படி ஏறவில்லை.

தனி அலுவலரின் காலம் ஆறு மாதம், இன்னும் ஆறு மாதம் என்று நீண்டுகொண்டே போனது. தேர்தல் வந்தபோது அக்கா உயிரோடு இல்லை. இப்போது நாற்காலிகள் நிறைந்திருக்கின்றன. ஓய்வுபெற்று, வீட்டில் பேச ஆளில்லாத நான் சில மாதக் கூட்டங்களுக்குப் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறேன். கூட்டம் முடிந்தால் எழுத்தர் புத்தகத்தை மூடிவிடுகிறார். மேசையருகே யாரும் வந்து நிற்பதில்லை.

புத்தகத்தில் இடமில்லாததை இங்கே எழுதிவிட்டேன். பதினொன்றாம் வார்டு உறுப்பினர் ஆட்சேபித்தார். வாசித்துக் காட்டத்தான் அக்கா இல்லை.