தூதரகக் கடிதத்தில் ஒரு மத்தியானச் சாப்பாடு

முத்துக்குமாரு ஒரு மீனை வாங்குவதென்றால் செவுளைத் தூக்கி நிறம் பார்ப்பார், மீனின் கண்ணைப் பார்ப்பார், அதன்பிறகு விற்கிறவனின் கண்ணையும் பார்ப்பார். யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் விடியப்புறம் ஏலம் கூறுகிறவர்கள் அவரைக் கண்டதும், "நீதவான் வந்திட்டார், மீனெல்லாம் எழும்பி நில்லுங்கோ" என்று பகிடி பண்ணுவார்கள். அவர் சிரிக்கமாட்டார். வடக்குக் கரையில் சொந்த வள்ளத்தில் ஆழ்கடலுக்குப் போய்வந்த மனிதர் அவர். முப்பத்தைந்து வருடமாக மற்றவன் பிடித்த களப்பு மீனைச் சைக்கிள் பெட்டியில் கட்டிக்கொண்டு, இணுவில், உடுவில் ஒழுங்கைகளில் கூவி விற்கிறார். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரைவிட்டு எழும்பியபோது, மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் அவருக்குச் சொல்லப்பட்டது. அந்த மூன்று நாளை நம்பியதுதான் தன் வாழ்க்கையில் கடைசியாக எதையும் நம்பியது என்று அவர் சொல்லுவார்.

உடுவிலின் தோட்டவெளி தொடங்கும் இடத்தில், இடம்பெயர்ந்து வந்தவர்களின் முகாம் இருந்தது. ஊருக்குப் போனவர்கள் போக, ஊரின் கடலோரத் துண்டு இன்னும் இராணுவத்திடம் இருந்ததால் இருபத்திரண்டு குடும்பங்கள் மிஞ்சியிருந்தன. முத்துக்குமாருதான் முகாம் தலைவர். ஒருவரையும் நம்பாத ஆளைத் தலைவராக வைத்திருந்தால் ஒருவரும் ஏமாற்றமாட்டார்கள் என்பது சனத்தின் கணக்கு.

அந்தக் கணக்கு ஒரு புதன்கிழமை காலையில் பிழையாய்ப் போனது. முகாமில் இருக்கும் மேசன் நடராசா பேப்பரும் கையுமாக வந்து நின்றான்.

"அண்ணை, நீங்கள் பேப்பரிலை வந்திருக்கிறியள்."

"என்ரை பேரோ?"

"பேர் இல்லை. ஆள் வந்திருக்கு."

ஐரோப்பிய நாடொன்றின் தூதரகங்கள் தங்கள் தலைநகரத்துக்கு எழுதிய இரகசியக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் இணையத்தில் கசிந்துவிட்டன என்று செய்தி சொன்னது. அவற்றில் ஒன்று யாழ்ப்பாணத்தைப் பற்றியது. அதன் இரண்டாம் பந்தியைப் பெட்டி கட்டிப் போட்டிருந்தார்கள். 'வலிகாமத்து முகாமொன்றில் மீன், இறால், நண்டு உட்பட ஐந்து கறிகளுடன் எமக்கு மதிய உணவு தரப்பட்டது. வெள்ளைச் சேட்டு அணிந்த முதிய தலைவர், தங்களுக்கு ஒரு குறையுமில்லை என்று புன்னகையுடன் கூறினார்.' பக்கத்தில், கொழும்பில் பேசிய அரசாங்கப் பேச்சாளரின் படம். வெளியில் எங்களைக் குற்றம் சொல்பவர்கள் தங்களுக்குள் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள், எங்கள் நற்பெயரை எங்கள் விமர்சகர்களே காப்பாற்றிவிட்டார்கள் என்று அவர் மகிழ்ந்திருந்தார்.

"புன்னகையுடனாம்," என்றான் நடராசா. "என்ரை கலியாணத்துக்குக்கூட நீங்கள் சிரிச்சு நான் காணேல்லை."

"மற்றதைச் சொல்லு. சொல்லத்தானே வந்தனீ."

"வாற செவ்வாய்க்கிழமை காணிக் கூட்டம். ஊருக்குப் போக விருப்பமான ஆக்களின்ரை கடைசிப் பட்டியல் அண்டைக்குத்தான் எழுதினம். குறையில்லாத ஆக்களுக்கு என்னத்துக்குக் காணி எண்டு கேட்டா என்ன சொல்லப் போறியள்?" அவன் குரலைத் தாழ்த்தினான். "சனம் வேறையும் கதைக்குது அண்ணை. அந்தத் தூதரக மனிசி உங்களுக்கு என்ன தந்திட்டுப் போனவ எண்டு."

"மூண்டு நாள் பசியைத் தந்திட்டுப் போனவ," என்று சொல்லிவிட்டு முத்துக்குமாரு சைக்கிளை எடுத்தார். ஆனால் அன்று அவர் கூவவே இல்லை. மீன் பழுதாய்ப் போனது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்த அந்தச் சாப்பாட்டை அவரே முன்னின்று நடத்தினார். தூதரகத்து அம்மா வருகிறா என்று தெரிந்ததும், வருகிற ஆளை வெறும் தேத்தண்ணியோடு அனுப்புவதா என்று முகாமே துடித்தது. கதிரைகள் இணுவில் சனசமூக நிலையத்திலிருந்து வந்தன. அவரிடம் மீன் வாங்கும் தோட்டக்காரர் கதிரவேலு பீங்கான்கள் தந்தார். போதாததற்கு இன்னும் இரண்டு வீடுகளில் இரவல். கறிக்கு வீட்டுக்கு வீடு காசு தண்டினார்கள். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு பதின்மூன்று குறைகள் எழுதிய மனுவை வாசிப்பது என்று ஒழுங்கு. வந்த அம்மாவோ, சோற்றைப் பிசைந்துகொண்டே, "இங்கே என்ன குறைகள் இருக்கின்றன?" என்று கேட்டுவிட்டா. சோற்றில் கை வைத்த விருந்தாளிக்கு யாராவது குறை சொல்லுவார்களா? "ஒரு குறையும் இல்லை, நீங்கள் வடிவாச் சாப்பிடுங்கோ," என்றார் முத்துக்குமாரு. கை கழுவும்போது அவவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அவசரமாகப் புறப்பட்டாயிற்று. வாகனத்தின் கண்ணாடிக்குள்ளால் நீட்டிய மனு ஆசனத்தில் விழுந்தது. வாசித்தாவோ, எறிந்தாவோ, யாருக்குத் தெரியும்.

பேப்பர் வந்த அன்று பின்னேரம் அவர் கோகுலன் மாஸ்ரரைத் தேடிப் போனார். கோகுலன் உடுவிலில் ஆங்கிலம் ரியூசன் கொடுக்கிற இளைஞர். அந்தச் சாப்பாட்டில் மொழிபெயர்த்தது அவர்தான்.

"மாஸ்ரர், அண்டைக்கு நான் சொன்னதை நீர் என்னெண்டு மாத்திச் சொன்னனீர்?"

"மாத்தேல்லை ஐயா. ஒரு குறையும் இல்லையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"அதுக்குப் பிறகு சாப்பிடச் சொன்னதையும் சொன்னனீரோ?"

"சொன்னனான். அதை அவ எழுதேல்லையாக்கும்."

முத்துக்குமாரு பிள்ளைகளின் வாங்கில் குந்தினார். கரும்பலகையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு கோகுலனின் கண்ணைப் பார்த்தார். "இது கசிஞ்சதோ, கசியவிட்டதோ?"

"கசிஞ்சதுதான். எத்தினை நாட்டிலை அமைச்சர்மார் உதாலை வேர்த்துப்போய் நிக்கினம் தெரியுமே? ரகசியம் வெளியிலை வந்தா மானம் போறது அரசாங்கங்களுக்குத்தான் ஐயா."

"அப்ப எங்கடை அரசாங்கம் மட்டும் ஏன் சிரிக்குது?" முத்துக்குமாரு விடவில்லை. "ஒருத்தன் மேடையிலை ஏறி அரசாங்கத்தைப் புகழ்ந்தா, காசு வாங்கிப்போட்டுக் கதைக்கிறான் எண்டுவம். அதையே ஒளிச்சு எழுதி, அது களவாய் வெளியிலை வந்தா, மெய்யெண்டு நம்புவம். இதைவிட நல்ல பேர் ஒரு அரசாங்கத்துக்கு எங்கை கிடைக்கும்? அதுதான் கேக்கிறன், விட்டது ஆர்?"

"முதலிலை முழுக்க வாசிப்பம். பேப்பரிலை வந்தது ஒரு பந்தி. கடிதத்திலை எட்டுப் பந்தி இருக்கு," என்று கோகுலன் போனை எடுத்தார்.

மூன்றாம் பந்தியை ஆங்கிலத்தில் பார்த்துத் தமிழில் சொன்னார். 'நாம் இருந்த கதிரைகளின் முதுகில் வேறொரு கிராமத்து நிலையத்தின் பெயர் எழுதப்பட்டிருந்தது. பீங்கான்கள் மூன்று வகையாக இருந்தன. தங்கள் வசதிக்கு மீறி, இரவல் வாங்கி எமக்கு விருந்து வைத்தார்கள் என்று விளங்கிக்கொண்டோம். தலைவரின் பதிலை விருந்தோம்பும் ஒருவரின் மரியாதையாகவே கொள்ள வேண்டும்.'

கோகுலன் நிமிர்ந்து, "பாத்தியளே ஐயா, உங்களைக் காப்பாத்திப்போட்டா!" என்றார்.

முத்துக்குமாருவின் முகம் கறுத்துப் போயிருந்தது. "கதிரையிலை இருந்த எழுத்தை அவவுக்கு ஆர் வாசிச்சுச் சொன்னது?"

"கேட்டவ. நான்தான் சொன்னனான்."

"சாப்பிட முன்னமோ, பின்னமோ?"

"முன்னம்."

அப்படியென்றால், இரவல் என்று தெரிந்துகொண்டேதான் அந்த அம்மா ஒவ்வொரு வாயும் சாப்பிட்டிருக்கிறா. இன்னும் கொஞ்சம் போடுங்கோ, இறாலைப் போடுங்கோ என்று தான் நின்று உபசரித்ததை நினைக்க அவருக்கு உடம்பு கூசியது. சனம் தன்னை விலைபோனவன் என்று சொன்னதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். இதைத் தாங்க முடியவில்லை.

"அடுத்த பந்தி இருக்கு," என்றார் கோகுலன். குரல் இப்போது இறங்கியிருந்தது. 'குசினியில், கைக்குழந்தையுடன் நின்ற இளம் பெண் ஒருவர் எம்மோடு நேரே ஆங்கிலத்தில் பேசினார். கணவர் வெளிநாட்டில் வேலை செய்கிறாராம். முகாமுக்கு யார் வந்து போகிறார்கள் என்று சிவில் உடையில் வருபவர்கள் விசாரிக்கிறார்கள் என்றும், எல்லோரும் சொந்த ஊருக்குப் போகவே விரும்புகிறார்கள் என்றும் சொன்னார்.'

முகாமில் ஆங்கிலம் பேசுகிற, கணவன் கட்டாரில் இருக்கிற பெண் ஒருத்திதான். அவருடைய தம்பியின் மகள் தக்சாயினி.

அவர் போனபோது தக்சாயினி கதவை முழுக்கத் திறக்கவில்லை. அவரைக் கண்ட பிறகுதான் கொளுக்கியை எடுத்தாள்.

"நான்தான் பெரியப்பா," என்றாள், கேட்க முன்னமே. "குசினிக்கை வந்து என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டவ. வாயை வைச்சுக்கொண்டு இருக்கேலாமல் போச்சு. பேர் எழுதமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினவ."

"பேர் எழுதேல்லைத்தான். ஆளை எழுதிப்போட்டா."

"இண்டைக்கு மத்தியானம் ஒருத்தர் மோட்டச்சைக்கிளிலை வந்தவர். பிள்ளைக்கு எத்தினை வயசு, தகப்பன் எப்ப வாறார் எண்டு சிரிச்சுச் சிரிச்சுக் கேட்டுட்டுப் போறார்." அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். மூன்று வயதுப் பிள்ளை, தூக்கத் தேவையில்லாத பிள்ளை. "செவ்வாய்க்கிழமை அதை வாசிக்காதேங்கோ பெரியப்பா."

"மூண்டாம் பந்தியை வாசிக்காட்டில் இருபத்திரண்டு குடும்பத்துக்கும் காணி இல்லை, பிள்ளை."

"மூண்டை வாசிச்சா நாலைக் கேக்கமாட்டினமோ?"

முத்துக்குமாரு கொளுக்கியைத் தொட்டுப் பார்த்தார். அரசாங்கத்துக்கு நல்ல பேரோ கெட்ட பேரோ வந்துவிட்டுப் போகட்டும், அதை அவர்கள் பேப்பரில் கழுவிக்கொள்வார்கள். கதவுக்குக் கொளுக்கி மட்டும் போட்டுக்கொண்டு தனியே இருக்கிற இவளை யார் பார்ப்பது?

செவ்வாய்க்கிழமை பிரதேச செயலகத்தின் மண்டபம் நிறைந்திருந்தது. காணி உத்தியோகத்தர் இராசநாயகம் மேசையில் பட்டியலை விரித்து வைத்திருந்தார். நல்ல மனிதர் என்று பெயர். அவருக்குப் பின்னால் யன்னலோரம் கட்டம் போட்ட சேட்டுடன் ஒருவர் இருந்தார். யார் என்று அவரும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை.

"பெரியவர், என்னைப் பிழையா நினைக்காதேங்கோ," என்று இராசநாயகம் தொடங்கினார். "மேலையிருந்து கேக்கினம். ஒரு குறையுமில்லை எண்டு நீங்களே சொன்னதா எழுத்திலை இருக்கு. அப்ப இந்த முகாமை விருப்பமில்லாத ஆக்களின்ரை பக்கத்திலைதானே நான் போடவேணும்?"

நடராசா பின்னாலிருந்து இருமினான். சனம் முழுக்க முத்துக்குமாருவின் முதுகைப் பார்த்தது.

"மாஸ்ரர், மூண்டாம் பந்தியை வாசியும்," என்றார் முத்துக்குமாரு.

கோகுலன் வாசித்தார். கதிரையின் முதுகு, மூன்று வகைப் பீங்கான், இரவல். மண்டபத்தில் பெண்கள் தலையைக் குனிந்தார்கள். கறிக்குத் தண்டியவர்கள், பீங்கான் சுமந்தவர்கள் அவர்கள். முத்துக்குமாரு குனியவில்லை. "மெய்தான் ஐயா. கதிரை இரவல், பீங்கான் இரவல். அண்டைக்குப் பிறகு மூண்டு நாள் எங்கடை அடுப்பிலை கஞ்சி மட்டும்தான். இதை ஒரு விருந்தாளி அறியக்கூடாதெண்டுதான் சிரிச்சனான். இப்ப ஊர் உலகமெல்லாம் அறிஞ்சுபோச்சு. எழுதுங்கோ."

இராசநாயகம் பேனையை எடுத்தார். அப்போது யன்னலோரத்தில் இருந்தவர் மடித்து வைத்திருந்த தாளை விரித்தார். "அடுத்த பந்தியையும் வாசியுங்கோ மாஸ்ரர்."

கோகுலன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"குசினியிலை கதைச்ச ஆள் ஆர்?" அவர் பொதுவாகத்தான் கேட்டார். பார்வை மட்டும் தக்சாயினி இருந்த வரிசையில் நின்றது.

"நான்தான்," என்றார் முத்துக்குமாரு.

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்த மனிதரும் சிரித்தார். "பெரியவர், இதிலை ஒரு பொம்பிளை எண்டிருக்கு. கையிலை பிள்ளையாம். இங்கிலிசிலை கதைச்சவவாம்."

"பிழையா எழுதிப்போட்டா."

"தூதரகத்தாலை எழுதினது பிழையாகுமோ?"

"அதைத்தான் தம்பி நானும் கேக்கிறன்." முத்துக்குமாரு அவரை விட்டுவிட்டு இராசநாயகத்தின் பக்கம் திரும்பினார். மீனின் கண்ணைப் பார்க்கிற பார்வை. "அந்த அம்மா பிழை எழுதாத ஆளெண்டா, நாலாம் பந்தியிலை இருக்கிறமாதிரி ஊருக்குப் போகத்தான் எல்லாருக்கும் விருப்பம், முகாமுக்கை வந்து விசாரிக்கிறதும் மெய். மேலை அப்பிடியே எழுதி அனுப்புங்கோ. இல்லை, அவ பிழை எழுதிற ஆளெண்டா, குறையில்லை எண்டு நான் சொன்னதா எழுதினதும் பிழை. கொழும்பிலை சிரிச்சவரையும் சிரிப்பை நிப்பாட்டச் சொல்லுங்கோ. ஒரு கடுதாசியிலை நல்ல துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு மிச்சத்துக்கு ஆள் தேடேலுமோ?"

இராசநாயகம் பின்னால் திரும்பிப் பார்க்க விரும்பினார் என்பது அவருடைய கழுத்தில் தெரிந்தது. திரும்பவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் போட்டுக்கொண்டார்.

"வெளிநாட்டார் எழுதினது இந்தக் கூட்டத்துக்குத் தேவையில்லை," என்றார் கடைசியில். "அதை விடுவம். ஊருக்குப் போக விருப்பமான ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

இருபத்திரண்டு வீட்டுக் கைகளும் எழும்பின. நடராசா இரண்டு கையையும் தூக்கினான்.

கட்டம் போட்ட சேட்டுக்காரர் எழுந்து முத்துக்குமாருவின் பக்கத்தில் வந்து நின்றார். குரலில் நல்ல மரியாதை இருந்தது. "வெள்ளிக்கிழமை ஒருக்கா எங்கடை கந்தோருக்கு வந்திட்டுப் போங்கோ பெரியவர். சும்மா கதைக்கத்தான்."

"எந்தக் கந்தோர், எத்தினை மணி எண்டு எழுதித் தாங்கோ. வாறன்."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. புன்னகைத்துவிட்டு வெளியே போனார். மோட்டார் சைக்கிள் உதைபடும் சத்தம் கேட்டது. போய்விட்டதா, வாசலில் நிற்கிறதா என்று முத்துக்குமாரு காதைக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை தன்னை எத்தனை மணிநேரம் இருத்திவைப்பார்கள், அந்த நேரத்தில் யார் தக்சாயினியின் வாசலுக்குப் போவார்கள் என்று மனம் ஓடியது. கோகுலனைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை முழுநாளும் தக்சாயினியும் பிள்ளையும் நடராசா வீட்டில் இருக்க வேண்டும் என்று காதுக்குள் சொன்னார்.

பிறகு மேசையைப் பார்த்தார். இராசநாயகம் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். பேனை மேசையில் மூடியபடி கிடந்தது. கையில் இருந்தது பென்சில்.

"ஐயா, பேனையாலை எழுதுங்கோ."

"பிறகு எழுதுவம் பெரியவர். இது சும்மா ஒரு பிரதி. நீங்கள் போய் இருங்கோ."

"நான் நிக்கிறன்," என்றார் முத்துக்குமாரு.

இராசநாயகம் பென்சிலை வைத்துவிட்டுப் பேனையின் மூடியைக் கழற்றினார். முதல் பெயரின் மேல் மை ஏறியது. முத்துக்குமாரு மேசையில் கையை ஊன்றிக் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.