ஆறு சாண் மூச்சு

"எப்பலேருந்தும்மா இப்படி இருக்கு?" என்று பெரம்பலூர் டாக்டர் கேட்டார். இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. கரும்பாலைக் கரி துணியில் படியும் எறையூருக்கு வாழ்க்கைப்பட்ட பிறகா? மகள் பிறந்த பிறகா? பள்ளியில் ஓட்டப் பந்தயத்தின் பாதியில் உட்கார்ந்துவிட்டேனே, அன்றைக்கா? இருபத்து நான்கு வயதுவரை சளி என்றே நினைத்திருந்ததை அவர் ஆஸ்துமா என்றார்.

விறகடுப்பை ஊதக் கூடாது, நெஞ்சு இறுகத் தொடங்கும்போதே மாத்திரை போட வேண்டும் என்றார். பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம் என்றும் சொன்னார். ஆனாலும் எனக்குப் பயம். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, இது மூச்சிளைப்பா, வெறும் களைப்பா என்று யோசித்தபடியே இருப்பேன். அப்படி யோசித்த ஒருநாள், அழுத பிள்ளையைத் தூக்கக்கூட மூச்சில்லாமல் சுவரில் சாய்ந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் மூச்சை அளந்து பார்க்கும் யோசனை வந்தது. அத்தை திரி திரிக்க வைத்திருந்த பஞ்சில் கொட்டை நீக்காத ஒன்றை எடுத்தேன். தரையில் கோடு போட்டு, அதில் பஞ்சை வைத்து, ஊதுகுழலால் ஒரே மூச்சாக ஊதினேன். ஆறு சாண் ஓடியது. தினமும் காலையில் கதவைச் சாத்திவிட்டு ஊதி, நோட்டில் எழுதினேன். காற்றடித்ததோ, சரியாக ஊதவில்லையோ என்று மூன்று முறை ஊதுவேன்.

"அடுப்ப ஊதச் சொன்னா இருமுறா, பஞ்ச ஊதி வெளாடுறா. கொழலக் குடு, ஒல ஆறிப்போவுது" என்பார் அத்தை.

ஒரு காலையில் பஞ்சு நான்கு சாணில் நின்றது. நெஞ்சில் ஒன்றும் தெரியவில்லை. தயங்கித் தயங்கி மாத்திரை போடாமல் மறுநாள்வரை விட்டேன், மறுநாள் மூச்சு இளைத்தது. அடுத்த முறை நான்கைக் கண்டதும் மாத்திரை போட்டேன். இளைப்பு வரவில்லை.

டாக்டர் நோட்டை நிதானமாகப் புரட்டினார்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"நானேதாங்க சார்."

"இப்படி எழுதிக்கிட்டு எங்கிட்ட யாரும் வந்ததில்லம்மா."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த நோட்டை மடியிலேயே வைத்திருந்தேன். பள்ளியில் படிப்புக்குப் பரிசு வாங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமை இருந்ததில்லை. இப்போது அத்தையே, "இன்னிக்கு எத்தன சாண்?" என்று கேட்டுவிட்டுத்தான் குழலை எடுக்கிறார்.

மகளுக்கு நான்கு வயது. அவளும் என்னோடு ஊதுகிறாள். போன வாரம் இரண்டு சாண், நேற்று ஒன்று. அவளுக்கு இருமல்கூட இல்லை. "சின்னப்புள்ள ஊதல் அவ்வளவுதான்" என்கிறார் அத்தை. நோட்டில் அவள் பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன், பிறகு கிழித்துவிட்டேன்.

இதைப் படிக்கும் இளைப்புள்ள தாய்மார்களே, உங்கள் பிள்ளைகளை நீங்கள் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? அவள் ஊதுவதையும் அளக்கட்டுமா, விளையாட்டாகவே விட்டுவிடட்டுமா? எழுதுங்கள்.