முயல் எண்ணும் வேலை

இந்த நாட்டில் நோய் பரவுகிறது என்பது நல்ல செய்தி. காலை ரேடியோவில் ஆட்டுரோம விலைக்கும் மழை நிலவரத்துக்கும் நடுவே, இன்ன பகுதியில் முயல்களுக்கு நோய் கண்டிருக்கிறது என்று சொன்னால் போதும், நான் தங்கியிருக்கும் பண்ணையின் சொந்தக்காரர் டக் மேசையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு இன்னொரு கோப்பை டீ ஊற்றிக்கொள்வார். ஆஸ்திரேலியாவுக்கு வந்த புதிதில் இது எனக்குப் பிடிபடவே இல்லை. காஞ்சிபுரத்தில் வைகாசி கருட சேவைக்குக் கூட்டம் சேரும்போது, காலராவுக்குப் பயந்து பஸ் நிலையத்திலேயே ஊசியும் கையுமாக நிற்பார்கள். ஊசிக்குப் பயந்து முன்னாலேயே இறங்கி வயல் வழியாக ஓடுகிறவர்களும் உண்டு. நாங்கள் நோயைக் கண்டும் ஓடியிருக்கிறோம், ஊசியைக் கண்டும் ஓடியிருக்கிறோம். நோய் வந்ததற்கு டீ குடித்ததில்லை.

டக்கைக் குறை சொல்ல முடியாது. முயல் இந்த மண்ணின் பிராணி இல்லை. யாரோ வேட்டைப் பொழுதுபோக்குக்காகக் கப்பலில் கொண்டுவந்து விட்டவை பெருகிப் பெருகி, மலைச்சரிவுகளையே மொட்டையடித்துவிட்டன. ஆட்டுக்குப் புல் இல்லை, இங்கேயே பிறந்த சின்னப் பிராணிகளுக்கு ஒண்ட இடம் இல்லை. அதனால் முயலை மட்டும் கொல்லும் ஒரு நோயைத் தேடிப் பிடித்து இறக்குமதி செய்தார்கள். அதைக் கொசு பரப்பியது. மழை பொய்த்த வருஷங்களில் கொசு இல்லை, நோயும் படுத்துவிட்டது. இப்போது அதற்கென்று தெள்ளுப்பூச்சிகளை வளர்த்து வளைகளில் விடுகிறோம். விடுகிறோம் என்று பன்மையில் எழுதுவது வெறும் கோழைத்தனம். விடுகிறவன் நான். மாதக் கடைசியில் செத்தவை எத்தனை, நோயைத் தாங்கிப் பிழைத்தவை எத்தனை என்று எண்ணி அனுப்புகிறவனும் நான்தான். “வெளியிலிருந்து வந்தது எதுவுமே இப்படித்தான்” என்று டக் ஒரு நாள் அலுத்துக்கொண்டார். உடனே என் பக்கம் திரும்பி, “உன்னைச் சொல்லவில்லை” என்றார். அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

நாங்கள் சமணக் குடும்பம், ஊரில் நைனார் என்பார்கள். பெரிய காஞ்சிபுரத்தில் அப்பாவுக்கு அரிசி மண்டி, தென்னேரி ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம். ஊரே பட்டு நெய்யும். எங்கள் வீட்டில் பட்டுத் துணி கிடையாது. கூட்டைக் கொதிநீரில் போட்டுப் புழுவைக் கொன்று எடுத்த நூல் என்று அக்காவின் கல்யாணத்துக்கே பருத்திதான். பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டோம், விளக்கைத் தேடி வரும் பூச்சி சோற்றில் விழுந்து செத்துவிடுமாம். அந்தப் பழக்கத்தை இங்கேயும் நான் விடவில்லை. முயல்கள் வெளியே வருவது சரியாக அந்தி வேளையில் என்பதால், குளிர்காலத்தில் நாலரை மணிக்கே ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் தின்றுவிடுகிறேன். பக்கத்தில் தெள்ளுப்பூச்சி புட்டிகள் வரிசையாக இருக்கும். எந்த முகத்தோடு சாப்பிடுகிறேன் என்று எனக்கே புரிவதில்லை. இருட்டினால் சாப்பிடக்கூடாது என்று டக்கிடம் சொன்னபோது, “எந்த டாக்டர் சொன்னார்?” என்று அக்கறையாகக் கேட்டார். அது மிகப் பழைய காலத்துக் கட்டளை என்றேன். “அப்படியானால் புது டாக்டர் ஒருவரைப் பார்” என்றார்.

விலங்கியல் என்றால் உயிர்களைத் தெரிந்துகொள்ளும் படிப்பு, நமக்கு ஏற்றது என்றுதான் அப்பா என்னைச் சென்னையில் சேர்த்தார். ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்தபோது, முயல்களுக்கு வரும் நோயைத் தீர்க்கும் வேலை என்று எழுதிவிட்டேன். பச்சைப் பொய். அப்பா அந்தக் கடிதத்தை மண்டிக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் படித்துக் காட்டியிருக்கிறார். அதோடு நிற்கவில்லை. ஏரிப் பக்கம் கண்ணி வைத்துப் பிடிக்கும் மாரியிடம் மாதா மாதம் ஒரு முயலை உயிரோடு வாங்கி, என் பெயரைச் சொல்லி ஏரிக்கரைப் புதரில் விடத் தொடங்கினார். ஒவ்வொரு கடிதத்திலும் முதலில் ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்றிருக்கும், அடுத்து முயல் விட்ட செய்தி. இங்கே அதைப் படித்துவிட்டு, அன்றைக்குச் செத்தவற்றை நோட்டில் எழுதுவேன். பேச்சுத் துணைக்கு ஒரு தமிழ் முகம் இல்லாத ஊரில், என் பொய் ஒன்றுதான் எனக்குத் துணை.

மூன்று வருஷம் கழித்து விடுமுறையில் ஊருக்குப் போனேன். போய்ச் சேர்ந்த வாரமே அப்பா என்னைத் தென்னேரிக்கு அழைத்துப்போய் ஒரு முயலை விட்டார். அதன் இடது காது ஓரத்தில் கிழிந்திருந்தது. அடுத்த மாதம் மாரி கொண்டுவந்த முயலுக்கும் அதே காது, அதே கிழிசல். பிடித்து, அடையாளம் பார்த்து, விட்டு, மறுபடி பிடித்து எண்ணுவது என் தொழில். என் கண்ணுக்குத் தப்புமா?

“அப்பா, இது போன மாசம் விட்டதேதான். மாரி உங்கள ஏமாத்தறாரு.”

மாரி கொஞ்சமும் அசரவில்லை. “நைனாரே, அதுவா வந்து மாட்டுது. நான் இன்னா பண்ணட்டும்?”

அப்பா சிரித்தார். “எனக்குத் தெரியும்பா. இதையே மூணு தபா வாங்கிட்டேன். நடுவுல ஒரு மாசம் அது பாட்டுக்கு மேஞ்சிக்கினு இருந்திச்சா இல்லியா? நீ அங்க நூறு நூறா காப்பாத்தறே. நான் இங்க ஒண்ணு.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மாரி போகும்வரை காத்திருந்து, “நான் காப்பாத்தலப்பா” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புல், ஆடு, மற்றப் பிராணிகள் என்று நியாயங்களையும் சொன்னேன். அவர் முயலை மார்போடு பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“உன் கையாலயா?”

“ஆமாம்பா.”

அவர் குனிந்து முயலை விட்டார். அன்று என் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் கரைமேல் விறுவிறுவென்று நடந்து போய்விட்டார். மீதி பத்து நாளும் அப்பாவும் நானும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்ட அக்கா வந்து போட்ட சோற்றைப் பேசாமல் சாப்பிட்டோம். அவர் கோபித்துத் திட்டியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். பஸ் நிலையத்தில் என் பெட்டியை மேலே ஏற்றிவிட்டுச் சொன்னார்: “மாசாமாசம் எத்தினின்னு எழுது. இனிமே பொய் எழுதாத.”

எழுதினேன். மாதக் கடைசியில் ஒரே எண்ணை இரண்டு காகிதத்தில் எழுதுவது இப்போது என் வழக்கம். ஒன்று ஆபீஸுக்கு. அதைப் பார்த்து, போதாது, நோய் சரியாகப் பிடிக்கவில்லை என்று பதில் வரும். இன்னொன்று அப்பாவுக்கு. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதுவதில்லை. ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்பதோடு முடித்துக்கொள்வார். நாலைந்து மாதம் போனபின், அவர் கடிதத்தின் ஓரத்தில் அவருக்குத் தெரியாமல் அக்கா பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்: ‘நீ எழுதுகிற கணக்கைப் பார்த்து அப்பா உபவாசம் இருக்கிறார். சின்ன எண்ணாக இருந்தால் ஒரு நாள். பெரிதாக இருந்தால் இரண்டு நாள், மூன்று நாள். வெறும் தண்ணீர்தான். கொஞ்சம் குறைத்து எழுதேன்.’ அப்பாவுக்கு எழுபது ஆகப்போகிறது.

இந்த மாதம் நல்ல மழை. கொசுவும் சேர்ந்துகொண்டது. சரிவெல்லாம் கண் வீங்கிய முயல்கள். பார்வை போய், ஓடத் தெரியாமல், என் பூட்ஸில் வந்து முட்டுகின்றன. வந்த நாளிலிருந்து இவ்வளவு பெரிய எண்ணை நான் பார்த்ததில்லை. ஆபீஸில் என்னைப் பாராட்டித் தந்தி அடித்திருக்கிறார்கள். டக் கேக் கொண்டுவந்து வைத்துவிட்டு முதுகில் தட்டினார். “உன் அப்பா பெருமைப்படுவார்” என்றார். நான் தலையாட்டினேன், வேறு என்ன செய்வது?

கேக்கைத் தள்ளி வைத்துவிட்டு, வெகு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி இலக்கத்தை விட்டுவிட்டால் போதும், அப்பா ஒரு நாளோடு எழுந்துவிடுவார். ஆனால் முழு எண்ணையும் எழுதினேன். ஒட்டி, விலாசம் எழுதி, டக்கின் லாரியிலேயே தபாலுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். கடிதம் காஞ்சிபுரம் போய்ச் சேர எட்டு நாள் ஆகும். அதுவரை அப்பா சாப்பிடுவார்.