எங்கள் கோட்டைக்கு நான் எழுதிய சர்வர்

போன வருடம் ஆடித் தள்ளுபடி நேரம். தி.நகரில் என் புகுந்த வீட்டு ஜவுளிக்கடையில் டெலிவரி கவுன்டர்தான் என் இடம். கூட்டம் அலைமோதிய ஒரு மத்தியானம் செல்போனில் செய்தி வந்தது. நானும் கல்லூரித் தோழிகள் மூவரும் இணையத்தில் சேர்ந்து ஆடிவந்த கோட்டை விளையாட்டை, அதை நடத்தும் நிறுவனம் பொங்கலோடு மூடப்போகிறதாம்.

விளையாட்டுதானே என்று நினைக்காதீர்கள். கல்யாணமாகி ஆளுக்கொரு ஊரில் இருக்கிற நாங்கள் ஒன்றுசேர்கிற ஒரே இடம் அது. அங்கே நான் யாருக்கும் மருமகள் இல்லை, வாள் தூக்கிய ராணி! எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது.

விளையாட்டு எங்கள் கணினிகளில்தான் இருந்தது. எங்களை இணைக்கிற சர்வர் என்ற மென்பொருள் மட்டும் அவர்களிடம். அதை நானே எழுதிவிடுகிறேன் என்று கிளம்பினேன். படித்த கம்ப்யூட்டர் சயன்ஸ் துருப்பிடித்துக் கிடந்தது வேறு விஷயம்.

அடையாறில் ஐ.டி. வேலை பார்க்கும் கொழுந்தனார் சிரித்தார். "மதினி, இது ஒரு டீமே உக்காந்து பண்ற வேலை. அந்தக் கம்பெனி சர்வரை எவனாவது திருடி நெட்டுல போட்டிருப்பான், அதை எடுத்துப் போட்டுக்கோங்க."

"திருட்டுச் சரக்கு எனக்கு எதுக்கு? முதல் வரியிலேருந்து நானே எழுதுறேன், பாருங்க" என்றேன்.

கடை திறக்கும் முன்பு, சமையலுக்கு நடுவே என்று கிடைத்த நேரத்திலெல்லாம் எழுதினேன். ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வரும் என் சர்வரில் நுழைந்தோம். கொழுந்தனாரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் தோழி ஒருத்தி பிறந்து வளர்ந்த வகையில் திருவல்லிக்கேணிக்காரி, இப்போது வேறு ஊரில். மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் அவள் உத்தியோகம். தன் கணினியில் எதையோ நோண்டிவிட்டு, கோட்டை வாசலில் நின்றவள் நேராகக் கஜானாவுக்குள் போய்க் குதித்தாள். ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது.

"இன்னாடி உன் கோட்டை! நான் கஜானால கீறேன்னு சொன்னேன், உன் சர்வர் அப்படியே நம்பிடுச்சுடி!"

கொழுந்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் கவுன்டரில் ஓர் அம்மா, "பணம் கட்டியாச்சும்மா, பையைக் குடு" என்று அவசரப்படுத்தினார். "கேஷியர் சீல் போட்ட பில்லைக் காட்டுங்கம்மா" என்றேன். சொன்ன வாய் அப்படியே நின்றது. என் மாமியாரின் தங்கையே வந்தாலும் சீல் இல்லாமல் புடவை தராதவள் நான். என் சர்வரோ யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தது!

எழுதியதை எல்லாம் அழித்தேன். ஆடுகிறவரின் கணினி இனி 'நகரட்டுமா, வெட்டட்டுமா' என்று கேட்க மட்டும்தான் செய்யலாம். நகர்ந்தாரா, வெட்டினாரா என்பதைத் தன் கணக்கோடு சரிபார்த்து என் சர்வர்தான் முடிவு செய்யும். இந்த ஒரே விதியின்மேல் மொத்தத்தையும் திரும்பக் கட்டினேன். திருவல்லிக்கேணிக்காரி தலைகீழாக நின்று பார்த்தாள், கஜானாப் பக்கம் நெருங்க முடியவில்லை. கொழுந்தனார் தனக்கும் ஒரு லாகின் கேட்டார். கொடுத்தேன், வாயிற்காவலனாக!

பொங்கலன்று அந்த நிறுவனம் சொன்னபடியே தன் சர்வரை மூடியது. அந்நேரம் நாங்கள் நால்வரும் என் கோட்டையில் கத்திச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம், ஒருத்திகூட அதைக் கவனிக்கவில்லை. எங்களுக்கென்று இருந்த ஓர் இடத்தை விட்டுத்தர மாட்டேன் என்று அன்று பிடித்த பிடிவாதம் எனக்கு இன்றும் இருக்கிறது; அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் உத்தேசமும் இல்லை.