அம்மாவின் கையில் மூன்று பெயர்கள்

பச்சை குத்திக்கொள்வதற்கு முன்னால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்விகள் அத்தனையும் எனக்கு ஒன்பது வயதிலேயே மனப்பாடம். பதினாறாம் வாய்ப்பாடு கடைசிவரை வரவில்லை. இது மட்டும் தலைகீழாக வந்தது. எழுபதுகளின் கடைசியில், எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முந்தின சில வாரங்கள், லைன் வீடுகள் முழுக்க வேறு பேச்சே கிடையாது. அம்மா பச்சை குத்திக்கொள்ளப் போகிறாள் என்பதுதான் பேச்சு.

எங்கள் தோட்டம் மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டைத் தாண்டி மேலே ஏறும் பாதையில் இருந்தது. அம்மா அங்கே தேயிலைக் கொழுந்து பறித்தாள். கொஞ்ச காலமாக அவள் கழுத்தில் ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. மலைக்குளிரில் எல்லாரும் மப்ளர் சுற்றிக்கொண்டு திரிவதால் அது யார் கண்ணிலும் அதிகம் படவில்லை. கூடையோடு சரிவில் ஏறும்போது மூச்சு இரைக்க ஆரம்பித்த பிறகுதான் தோட்டத்துக் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரஸர் மப்ளரைக் கழற்றிப் பார்த்து, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். அறுத்து எடுத்தாக வேண்டும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். திருவிழா முடிந்த மறுவாரம் வரச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரிக்கென்று மலையிறங்கி, குணமாகித் திரும்பி வந்தவர்கள் எங்கள் லைனில் நிறையப் பேர் உண்டு. ஆனால் வந்தவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்? திரும்பி வராத ஓரிருவரின் கதையைத்தான் வாசலுக்கு வாசல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதையும் குரலைத் தாழ்த்தி, அம்மாவின் காதில் சரியாக விழும்படி சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி எல்லாருக்கும் சொல்வதைத்தான் அம்மாவுக்கும் சொல்லியிருக்கிறாள். ஆபரேஷன் அன்றைக்கு உடம்பில் ஒன்றும் இருக்கக் கூடாது. வளையல், தோடு, மூக்குத்தி, தாலி எல்லாவற்றையும் கழற்றி வீட்டு ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். அம்மா வீட்டுக்கு வந்து, சோறு வடித்து, எங்களுக்குப் போட்டுவிட்டு, அப்பாவிடம் சொன்னாள்.

"திருவிழாவுக்குப் பச்சை குத்துற அக்கா வருவாங்கல்ல, அவங்ககிட்ட உங்க மூணு பேரு பேரையும் கையில குத்திக்கப் போறேன்."

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "குத்திக்க" என்றார்.

அந்த மாதம் அப்பா எதற்குமே மறுப்புச் சொல்லவில்லை. பிரிஞ்சாங் டவுனுக்குப் போனால் ஆப்பிள் வாங்கி வந்தார். அம்மா அடுப்பில் விறகு வைத்தால் ஓடிப்போய்ப் பிடுங்கி இவர் வைத்தார். ஆபரேஷன் என்பது கல்யாணம் மாதிரி வீட்டுக்கு வரும் ஒரு விசேஷம் என்றே நானும் தம்பியும் முடிவு கட்டியிருந்தோம். இன்னும் சீக்கிரம் இதைச் செய்திருக்கலாமே என்றுகூட எனக்குத் தோன்றியது.

அம்மா எதையும் விசாரிக்காமல் செய்கிறவள் இல்லை. ஆள் ஆளாகப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தாள். முதலில் அத்தை. அப்பாவின் அக்காவான அவளுக்கு இரண்டு கையிலும் கொடியும் பூவுமாகப் பச்சை உண்டு. அதனால் இந்த விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்ற நினைப்பும் உண்டு.

"வெறும் வயித்தோட போயிடாத. நல்லா பசியாறிட்டுப் போ. மயக்கம் போட்டு விழுந்தீன்னா தூக்குறதுக்கு இங்க ஆளு இல்ல" என்றாள். கொழுந்து பறிக்கும் வலது கை வீங்கினால் வேலை கெட்டுவிடும், இடது கையில் குத்து என்றாள். சொறியக் கூடாது, வெயில் படக் கூடாது, மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவ வேண்டும் என்றாள். எங்கள் மலையில் வெயிலைத் தேடித்தான் போக வேண்டும். தேங்காய் எண்ணெயோ காலையில் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடக்கும். எல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் அத்தைக்குப் பெரிய சந்தேகம் வந்தது.

"காலையில மாட்டுற சுவெட்டரைக் குளிக்கத்தான் கழட்டுற. உள்ள மயிலு இருந்தா என்னா, மாடு இருந்தா என்னா? யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்த்துக்குவேன் அண்ணி" என்றாள் அம்மா.

அடுத்தது, திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிப் போகும் லோரி டிரைவர். அப்பாவின் கூட்டாளி. வாலிபத்தில் தோளில் புலி குத்திக்கொண்டவர், பிறகு ஆள் நன்றாகப் பெருத்துவிட்டார். சட்டையைத் தூக்கிக் காட்டி, "குத்துறப்போ பாயுற புலி லா. இப்போ பாருங்க, ஏழு மாசம்" என்றார். சதை போடாத இடமாகப் பார்த்துக் குத்த வேண்டும் என்பது அவருடைய அனுபவம். அம்மா அன்றைக்குச் சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது. அந்த மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அது ஒன்றுதான்.

டிரஸரிடம் மட்டும், பக்கத்து வீட்டுப் பெண் குத்திக்கொள்ளப் போவதாகச் சொல்லிக் கேட்டாள். நானும் கூட இருந்தேன். அம்மா பொய் சொல்லி அன்றுதான் முதலில் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆளுக்கு ஆளு புது ஊசி போடுறாங்களான்னு கேட்கச் சொல்லு. இல்லேன்னா கண்ணு முன்னால கொதிக்க வைக்கச் சொல்லு. அடுத்தவங்க சீக்கு நமக்கு எதுக்கு?" என்றார். அம்மா பவ்வியமாகத் தலையாட்டிவிட்டு வந்தாள்.

எல்லாரும் கடைசியில் ஒரே எச்சரிக்கையில் வந்து நின்றார்கள். குத்தினால் குத்தினதுதான், எந்த மருந்து போட்டாலும் போகாது, நன்றாக யோசித்துக்கொள். "அதுக்குத்தானே குத்துறேன்" என்று அம்மா எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்.

எனக்கும் தம்பிக்கும் இருந்த கவலை வேறு. யார் பெயர் மேலே? நீ கல்யாணம் கட்டிக்கொண்டு போய்விடுவாய், நான்தான் வீட்டில் இருக்கப் போகிறவன், அதனால் நான்தான் மேலே என்று ஆறு வயதுக்காரன் சட்டம் பேசினான். முடியைப் பிடித்து இழுக்கும் வரை போன வழக்கை அம்மா தீர்த்து வைத்தாள். முதலில் பிறந்தவள் முதலில். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் நான் தரையில் நடக்கவில்லை.

திருவிழாவன்று மத்தியானமே பனிமூட்டம் இறங்கிவிட்டது. வளையல் கடைக்கும் கடலைக் கடைக்கும் நடுவில் ஒரு தார்ப்பாய்க் கொட்டாய். உள்ளே அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வந்திருந்த பச்சை குத்தும் அக்கா, நல்ல வாட்டசாட்டமான பெண்மணி. கீழ்நாட்டு வெயிலில் வாழ்கிற உடம்பு, எங்கள் குளிருக்குத் தாங்கவில்லை. ஆண்பிள்ளைக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டும் பல் தந்தியடித்தது. "என்னா ஊரு லா இது, எலும்புக்குள்ள ஐஸ் வைக்குது" என்று அம்மனுக்கே கேட்கும்படி புலம்பிக்கொண்டிருந்தார். ஆனால் ஊசி கொதிநீர்ச் சட்டியில் கிடந்தது. அம்மா முதலில் அதைத்தான் எட்டிப் பார்த்தாள்.

அம்மா தயாராக வைத்திருந்த கேள்விகளை அந்த அக்கா கேட்கவே விடவில்லை. அவரிடம் அதைவிட அதிகமாக இருந்தன.

"பசியாறிட்டியா? காய்ச்சல் கீய்ச்சல் இருக்கா? இனிப்பு நீரு? மாசமா இருக்கியா? மருந்து மாத்திரை எதுவும் சாப்பிடுறியா? வேற சீக்கு ஏதாச்சும்?"

"ஒண்ணும் இல்லக்கா" என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில் வந்தது.

பெயர்களைக் கேட்டார். எங்கள் இருவர் பெயரையும் அம்மா சொன்னாள். அப்பா பெயருக்கு வந்ததும் வாய் மூடிக்கொண்டது. புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்கள் பெண்களுக்குக் கிடையாது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் வளையல் கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற மாதிரி அப்பா பெயரைக் கத்தினேன். கொட்டாய் வாசலில் தம்பியைத் தூக்கிக்கொண்டு நின்ற அப்பா, வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தார்.

அக்கா அம்மாவின் சுவெட்டர் கையை மேலே சுருட்டி, மூன்று பெயர்களையும் மையால் எழுதினார். என் பெயர்தான் மேலே. பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது. பிறகு பேட்டரி மெஷினை முடுக்கினார். அது வண்டு மாதிரி இரைந்தது. ஆனால் குளிரில் அவர் கை நடுங்கியது. ஊசி தோலுக்குப் பக்கத்தில் போவதும் விலகுவதுமாக இருந்தது.

"இருங்கக்கா" என்றாள் அம்மா. தன் மப்ளரை அவிழ்த்து, எட்டி, அந்த அக்காவின் கழுத்தில் சுற்றிவிட்டாள். யாராவது குளிரில் நடுங்கினால் அம்மா செய்கிற காரியம்தான். தனக்கு அது எதற்கு இருந்தது என்பதை அந்த நிமிடம் மறந்துவிட்டாள்.

மெஷின் நின்றது.

"இது என்னா தங்கச்சி?"

அம்மா கையால் கழுத்தை மூடிக்கொண்டாள். பதில் தெரிந்தும் சும்மா இருக்கிற பழக்கம் எனக்கு இல்லை. "கட்டி! அடுத்த வாரம் ஈப்போவுல அறுக்கப் போறாங்க. அம்மா மோட்டார் காடியில போறாங்க!" என்று பெருமையாக அறிவித்தேன்.

"அத்தனை கேட்டேனே, ஒண்ணுக்காச்சும் வாயைத் தொறந்தியா?" என்று அக்கா கத்தினார். "கையில புண்ணை வச்சிக்கிட்டுப் போனா டாக்டரு கத்தியைத் தொடுவாரா? காய்ச்சல் வந்தா என்னா பண்ணுவ?"

அம்மாவின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "அங்க எல்லாத்தையும் கழட்டச் சொல்றாங்கக்கா. தாலியைக்கூட. இதுன்னா யாரும் கழட்ட முடியாதுல்ல. போற எடத்துக்குக் கூடவே வரும்."

அக்கா மெஷினைக் கீழே வைத்தார். பிறகு ஒரு துணியை நனைத்து, மை காயும் முன்னால், மூன்று பெயர்களையும் துடைக்க ஆரம்பித்தார். மேலேயிருந்து துடைத்ததால் என் பெயர்தான் முதலில் போனது.

"போறவளுக்கு நான் குத்த மாட்டேன். வந்தவளுக்குத்தான் குத்துவேன். போயி அறுத்துக்கிட்டு வா. அடுத்த வருசம் இதே எடத்துல உட்கார்ந்திருப்பேன். நீ வரலேன்னா தெரியும் சேதி."

சொல்லிவிட்டு மப்ளரைக் கழற்றி, கட்டி மறையும்படி அம்மாவின் கழுத்தில் தானே சுற்றிவிட்டார். வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நான் வீடு வரும்வரை அழுதேன். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன முகத்தோடு போவது? அந்தப் பொம்பளை மோசம், பல்லெல்லாம் வெற்றிலைக் கறை என்று திட்டினேன். அப்பா அன்று இரவு இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பல நாளாக அவர் அப்படிச் சாப்பிட்டதில்லை.

மறுவாரம் அம்மா ஈப்போவுக்குப் போனாள். நானும் தம்பியும் அத்தை வீட்டில் இருந்தோம். அத்தை அடிக்கடி சாமி விளக்கைத் தூண்டிவிட்டுக்கொண்டே இருந்தாள். என்ன நடந்தது என்று அம்மா வெகுகாலம் கழித்து, நான் பிள்ளை பெற அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது சொன்னாள். எல்லாவற்றையும் கழற்றி அப்பாவின் கைக்குட்டையில் முடிந்து கொடுத்துவிட்டு, வெறுங்கழுத்தோடு படுத்திருந்தபோது, பயத்தில் எந்தச் சாமி பெயரும் வாயில் வரவில்லையாம். அந்தக் கொட்டாய்க்காரி அதட்டியது மட்டும்தான் காதில் கேட்டதாம். "வரச் சொல்லியிருக்காங்களே, போகலேன்னா திட்டுவாங்களேன்னு நெனச்சிக்கிட்டே தூங்கிட்டேன்" என்றாள்.

அந்த அக்காவின் பெயர் எனக்குத் தெரியாது. எத்தனையோ பேருடைய பெயர்களை எழுதியவரிடம் அவர் பெயரைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டு மலையேறி வந்தது பிழைப்புக்காக. வந்த பிழைப்பைத் தள்ளிவிட்டு என் அம்மாவைத் திருப்பி அனுப்பியவர் அவர். அறுத்த டாக்டருக்கும், விளக்கைத் தூண்டிய அத்தைக்கும், தோட்டத்து அம்மனுக்கும் நன்றி சொல்லும்போதெல்லாம் அவருக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறேன். எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அடுத்த வருடத் திருவிழாவில் அவர் சொன்னபடியே அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். ஒரு வருடம் காத்திருந்தவள் அல்லவா? அம்மாவைக் கண்டதும் அவர் குத்திக்கொண்டிருந்த ஆளை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். கழுத்துத் தழும்பைத் தடவிப் பார்த்தார். பிறகு சட்டென்று முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, "உட்காரு. கையை நீட்டு. மூணு பேரு பேருதானே?" என்றார்.

அம்மா உட்கார்ந்தாள். சுவெட்டரைச் சுருட்டி இடது கையை நீட்டினாள். நான் என் பெயர் வரப்போகும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இப்ப எதுக்குக்கா?" என்றாள் அம்மா. "அதுங்கதான் காலையே சுத்திக்கிட்டுக் கெடக்குதுங்களே."

அவ்வளவுதான். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். அந்த அக்கா அம்மாவின் வெறுங்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. வேலை கைவிட்டுப் போன ஒருத்திக்கு அதில் அவ்வளவு என்ன சந்தோஷம் என்று அன்று எனக்கு விளங்கவே இல்லை.